ஆர்கானிக் காசை எந்தப் பழத்தில் போடுவது?

மே மாதம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்கள் பெருமாள்மலையில் நிறுத்திப் பிளம்ஸ் வாங்குவார்கள், வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்தி மறுபடியும் வாங்குவார்கள். இப்போது சில கடை அட்டைகளில் விலைக்கு மேலே ஒரு சொல் சேர்ந்திருக்கிறது: ஆர்கானிக். அந்தச் சொல்லுக்காகக் கிலோவுக்கு ஒன்றரை மடங்கு கேட்பவர்களும் உண்டு, இரண்டு மடங்கு கேட்பவர்களும் உண்டு. கொடுக்கலாமா என்றால், பதில் பழத்துக்குப் பழம் மாறும். ஸ்ட்ராபெரிக்கும் திராட்சைக்கும் கொடுக்கலாம், அது நிஜமாகவே ஆர்கானிக் என்று தெரிந்தால். பட்டர் ஃப்ரூட்டுக்கும் (அவகாடோ) பேஷன் ஃப்ரூட்டுக்கும் கொடுப்பது பெரும்பாலும் வீண். நடுவில் பிளம்ஸ், பேரி, மலைவாழை, ஆரஞ்சு என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கே அட்டையில் எழுதியிருப்பதைவிட நாம் கேட்கிற கேள்விக்குத்தான் மதிப்பு.

சத்துக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஆர்கானிக் பழத்தில் சத்து அதிகம் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆராய்ச்சி அவ்வளவு அடித்துச் சொல்லவில்லை. 2012ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வைட்டமின்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, பூச்சிமருந்து எச்சம் மட்டும் ஆர்கானிக்கில் குறைவு என்றது. 2014ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 343 கட்டுரைகளைத் தொகுத்தது. ஆர்கானிக் விளைபொருளில் பாலிஃபீனால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் வகையறா கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு, சாதாரண விளைபொருளில் மருந்து எச்சம் தட்டுப்படுவது நாலு மடங்கு என்பது அதன் முடிவு. நோய் விஷயத்திலும் இழுபறிதான். பிரான்ஸில் சுமார் 69,000 பேரைப் பின்தொடர்ந்து 2018ல் வந்த ஆய்வில், ஆர்கானிக் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவாக இருந்தது. பிரிட்டனில் 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து 2014ல் வந்த ஆய்வில் மொத்தப் புற்றுநோயில் குறைவே தெரியவில்லை. ஆர்கானிக் வாங்குகிறவர்கள் பொதுவாக வசதி உள்ளவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அந்த வித்தியாசத்தை என்னதான் கணக்கில் கழித்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஆக, சத்துக்காக ஆர்கானிக் வாங்குவதில் பெரிய அர்த்தம் இல்லை. எந்தப் பழத்தை எடுக்கிறோம் என்பதில்தான் சத்தின் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. அதே எடை ஆப்பிளில் 5 மில்லிகிராம் தேறினால் அதிகம். மலை அடிவாரத்தில் பழனிக்குப் பக்கத்திலேயே ஆயக்குடிக் கொய்யா குவிந்து கிடக்கும்போது, ஆர்கானிக் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிளை மலைமேல் நின்று வாங்குவது எனக்கு விளங்காத கணக்கு. கொடைக்கானலில் விற்கிற ஆப்பிள் பெரும்பாலும் கொடைக்கானல் ஆப்பிள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காஷ்மீர், இமாசலம் அல்லது கப்பலில் வந்தது.

இன்னொன்று. பழமும் காயும் சேர்த்து ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆர்கானிக் விலை கட்டுப்படியாகவில்லை என்று பழத்தையே பாதியாகக் குறைத்துக்கொள்கிற வீடுகள் இருக்கின்றன. பழம் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லது, மலச்சிக்கல் குறையும் என்று சொல்கிற ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் சாதாரணச் சந்தைப் பழத்தைச் சாப்பிட்டவர்களை வைத்து வந்தவைதான்.

மருந்து பழத்தில் எங்கே இருக்கிறது?

மீதி இருக்கும் ஒரே வலுவான காரணம் மருந்து எச்சம். அது இரண்டு விதமாகப் பழத்தில் இருக்கும். தொட்டால் கொல்லும் மருந்துகளும் பல பூசணக்கொல்லிகளும் தோல்மேல் படிந்து நிற்கும். கழுவினால் பெரும்பகுதி போகும், உரித்தால் அநேகமாக முழுதும் போகும். ஊடுருவிப் பாயும் மருந்துகள் வேர் வழியாகவோ இலை வழியாகவோ உள்ளே ஏறிச் சதைக்கும் வரும். அதைக் கழுவி எடுக்க வழியில்லை. மருந்து அடித்த நாளுக்கும் பறித்த நாளுக்கும் நடுவே போதிய இடைவெளி விட்டிருந்தால்தான் அது சிதைந்து குறையும். டப்பாவில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும்.

ஆர்கானிக் என்றால் எதுவுமே அடிக்கவில்லை என்று நினைப்பதும் தவறு. வேப்பெண்ணெய், கந்தகம், பாக்டீரியா மருந்துகள் எல்லாம் அனுமதிக்கப்பட்டவை. போர்டோ கலவை என்ற பூசணக்கொல்லிக்கும் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 1 சதவீதக் கலவை. கீழ்மலையில் (பழனி மலையின் தாழ்ந்த பகுதி) காபிக்கு இலைத்துரு நோய் வராமல் இருக்க இதைத்தான் அடிப்பார்கள். அதே தோட்டத்தில் நிற்கும் ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் மரங்களின் மேலும் சாரல் படும். பழத்தோலில் நீலம் கலந்த வெள்ளைத் திட்டு இருந்தால் அது தாமிரம். ஆர்கானிக் பழமென்றாலும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூச்சி கடித்த பழம் மருந்தில்லாத பழம் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. மருந்து அடித்த தோட்டத்திலும் பூச்சி கடிக்கும். தவறான நேரத்தில் அடித்தால் கடிக்கத்தான் செய்யும். கொய்யாவிலும் பீச்சிலும் பழ ஈ குத்திய இடத்தில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி விழுந்து, சுற்றிச் சதை மெத்தென்று இருக்கும். உள்ளே புழு இருக்கும். அதை ஆர்கானிக் முத்திரை என்று வாங்கி வர வேண்டாம்.

ஸ்ட்ராபெரி, திராட்சை

ஆர்கானிக் காசு போட வேண்டிய முதல் பழம் ஸ்ட்ராபெரி. உரிக்கத் தோல் கிடையாது, அழுத்தித் தேய்த்துக் கழுவவும் முடியாது. மண்ணை ஒட்டிக் காய்க்கும். மலை மூட்டத்துக்கும் சாரலுக்கும் சாம்பல் பூசணம் உடனே பிடிக்கும், அதனால் பூசணக்கொல்லி அடிப்பார்கள். இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. மாமரம் மாதிரி ஒரு தடவை பறித்து முடிகிற பயிர் இல்லை இது. பருவத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அடித்தால் நடுவில் இரண்டு பறிப்பைக் கீழே கொட்ட வேண்டும். கொட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்? அமெரிக்காவில் ஒரு தன்னார்வ அமைப்பு ஆண்டுதோறும் போடுகிற எச்சப் பட்டியலில் ஸ்ட்ராபெரி பல வருடம் முதலிடத்தில் இருந்திருக்கிறது. அந்த வருடங்களில் பட்டியல் எச்சம் எத்தனை முறை, எத்தனை வகை தட்டுப்பட்டது என்பதைத்தான் பெரும்பாலும் எண்ணியது, உடம்பைப் பாதிக்கும் அளவா என்று பார்க்கவில்லை என்று விஞ்ஞானிகள் குறை சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் பழங்களுக்குள் வரிசை போட அது உதவும்.

ஆர்கானிக் ஸ்ட்ராபெரிக்கும் ஒரு கேள்வி வைத்திருங்கள்: சாணம் மட்கவைத்துப் போட்டதா, பச்சையாகப் போட்டதா? பச்சைச் சாணத்தில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கும். அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி, மண்ணில் படும் விளைபொருளாக இருந்தால் மட்காத சாணம் போட்டு 120 நாள் கழித்தே அறுவடை. காய் பிடித்த பிறகு சாணமும் கோமியமும் ஊறவைத்த ஜீவாமிர்தக் கரைசலைப் பழத்தின் மேலேயே தெளிப்பது சரியில்லை, வேருக்கு ஊற்றலாம். பெட்டி வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புச் சாறு கசிந்திருந்தால் கீழடுக்கு நசுங்கிவிட்டது. காம்பை ஒட்டி வெள்ளையாக இருக்கும் பழம் பறித்த பிறகு பழுக்காது, நிறம் ஏறினாலும் இனிப்பு ஏறாது.

திராட்சை மலையில் விளைவதில்லை, திண்டுக்கல் பக்கமிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் ஏறி வருகிறது. அடிச்சாம்பல் நோய்க்காக அதிகம் மருந்து பார்க்கும் பயிர். பன்னீர்த் திராட்சையின் மேல் சீராகப் படிந்திருக்கும் வெண்பூச்சு பழத்தின் சொந்த மெழுகு. அதைப் பார்த்து மருந்தென்று பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டாக, பழத்தின் கீழ் நுனியில் திட்டாகக் காய்ந்து நிற்பதுதான் தெளித்த கரைசல். கொத்தை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்தால் நடுவில் தண்ணீர் போகாது. கத்தரியால் சின்னச் சின்னக் கிளையாக வெட்டிக் கழுவ வேண்டும்.

பிளம்ஸ், பீச், பேரி

பிளம்ஸ் பழத்திலும் அதே வெண்பூச்சு உண்டு. விரல் பட்டால் அழியும். அழியாமல் இருந்தால் பழம் அதிகம் கைமாறவில்லை என்று அர்த்தம், அதாவது புதுசு. கடைக்காரர் துணியால் துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருப்பதை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். பிளம்ஸில் மாவுச்சத்து கிட்டத்தட்ட கிடையாது, அதனால் பறித்த பிறகு சர்க்கரை கூடுவதில்லை. வீட்டில் வைத்தால் மெத்தென்று ஆகும், புளிப்பு கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். வண்டிக்குத் தாங்கட்டும் என்று காயாகப் பறித்ததை வாங்கிவந்து ஒரு வாரம் வைத்தாலும் மரத்தில் பழுத்த ருசி வராது. காம்புப் பக்கம் லேசாக அழுத்தினால் கொடுக்க வேண்டும். மே, ஜூன்தான் இங்கே காலம். டிசம்பரில் கொடைக்கானல் பிளம்ஸ் என்று யாராவது கொடுத்தால் ஊரைக் கேளுங்கள்.

பீச்சின் ரோமத்தோலில் தூசும் மருந்தும் சிக்கி நிற்கும். தண்ணீருக்கடியில் துணியால் ரோமம் போகும்வரை தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் உரித்துவிடலாம்.

பேரி ஆடி ஆவணியில் வண்டி வண்டியாக இறங்கும். நல்ல விலை கிடைக்காத பழத்துக்கு மருந்துச் செலவு செய்ய எந்தத் தோட்டக்காரரும் யோசிப்பார். வில்பட்டி, பூம்பாறைப் பக்கத்துப் பழைய நாட்டுப் பேரி மரங்களுக்கு ஆர்கானிக் என்ற அட்டை மாட்டி விலையை ஏற்றியிருந்தால், அட்டைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். நாட்டுப் பேரி கடிக்கக் கடிக்க நறநறவென்று இருக்கும். அது மண்ணும் இல்லை மருந்தும் இல்லை, பழத்திலேயே உள்ள கல் போன்ற அணுக்கள். சீமைப் பேரி ரகங்கள் உள்ளிருந்து வெளியே பழுக்கும். மரத்திலேயே விட்டால் நடு மாவாகிவிடும். அதனால் முற்றியதும் காயாகப் பறித்து வீட்டில் பழுக்க வைப்பதே சரி. கழுத்துப் பகுதியை அழுத்திப் பார்த்துக் கொடுத்தால் அன்றே சாப்பிட வேண்டும். வயிறு மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் உள்ளே பழுப்பாகியிருக்கும். நார்ச்சத்துக்காகத் தோலோடு சாப்பிடலாம்.

பட்டர் ஃப்ரூட்

இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆனால் மருந்தில் இல்லை. தடித்த தோல், உள்ளே எண்ணெய்ச் சதை; மேலே சொன்ன அமெரிக்க அமைப்பே மிகக் குறைவான எச்சமுள்ள பழங்களில் இதைச் சேர்க்கிறது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, காமனூர் பக்கம் இது காபிக்கு நிழல் மரம். தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. இங்கே ஏமாற்றம் வருவது பிஞ்சுப் பறிப்பில்.

பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது. பறித்த பிறகுதான் மெத்தென்று ஆகும். ஆகவே எப்போது பறித்தார்கள் என்பதே எல்லாம். விலை நன்றாக இருக்கும்போது முற்றாத காயையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். அந்தக் காய் எத்தனை நாள் வைத்தாலும் வெண்ணெய் ஆகாது. காம்புப் பக்கம் சுருங்கும், சதை ரப்பராக இழுக்கும், வாயில் கசக்கும். முற்றியதற்கு நம்பகமான அடையாளம் கொட்டையின் தோல்: மெல்லிய காகிதம் மாதிரி பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். தடித்து வெளுப்பாகச் சதையோடு ஒட்டியிருந்தால் பிஞ்சு. மொத்தமாக வாங்குவதென்றால் ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், "அண்ணே, ஒண்ணு கீறிக் காட்டுங்க, காசு கொடுத்திர்றேன்" என்றால் யாரும் மறுப்பதில்லை. வெட்ட முடியாவிட்டால் தோலைப் பாருங்கள்: பச்சை ரகங்களில் பிஞ்சு பளபளக்கும், முற்றியதில் மினுமினுப்பு மங்கியிருக்கும். சில ரகங்களில் குலுக்கினால் கொட்டை ஆடும்.

பழுத்ததா என்று விரல்நுனியால் அமுக்கிப் பார்க்காதீர்கள். அமுக்கிய இடமெல்லாம் மறுநாள் கறுப்பாகும், அடுத்து வாங்குகிறவர் பாவம். உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூடிப் பார்த்தால் போதும். அன்றைக்கே வேண்டுமென்றால் மெத்தென்று ஒன்று, மீதி கல் மாதிரி இருப்பதை வாங்கி வைத்தால் வாரம் முழுக்க வரும்.

நம் மலைப் பழம் ஒவ்வொன்றும் கால் கிலோ, அரைக் கிலோ இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் வரும் சின்னக் கறுப்பு ஹாஸ் ரகத்தைவிட எண்ணெய் குறைவு, நீர் கூடுதல். புத்தகங்களில் போட்டிருக்கும் 100 கிராமுக்கு 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு என்பது ஹாஸ் மாதிரிப் பழத்துக்கானது. நல்ல கொழுப்புதான் என்றாலும், முழுப் பழத்தையும் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடித்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. சிறுநீரகக் கோளாறுள்ளவர்கள் பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்க வேண்டும். இதில் 100 கிராமுக்கு 485 மில்லிகிராம், வாழைப்பழத்தைவிட அதிகம்.

மலைவாழை

விருப்பாச்சியும் சிறுமலையும் புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைகள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிதான் பேர் போனது, காரணம் அதன் சதையில் ஈரம் குறைவு. பிசைந்து வைத்தாலும் தண்ணீர் விடாது. நிஜ மலைவாழையைக் கண்டுபிடிக்கவும் அதுவே வழி. பழுக்கப் பழுக்கத் தோல் வற்றிச் சுருங்கும், கறுக்கும், உள்ளே சதை மட்டும் அழுகாமல் கெட்டியாக, மணமாக இருக்கும். சமவெளியில் நீர் பாய்ச்சி விளைத்த பழம் தோல் கறுக்கும்போதே சதையும் குழைந்துவிடும். மலைப்பழம் என்று சொல்லி மஞ்சளாக, வழவழவென்று, கொழுகொழுவென்று அடுக்கியிருந்தால் சந்தேகப்படலாம்.

மருந்துக் கேள்வி இங்கே முடிக்கொத்து நோயில் போய் நிற்கிறது. அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பரப்பும் வைரஸ் நோய். கீழ்மலை வாழைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்ததே இதுதான். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், தார் போடாது. நோய் வந்த மரத்துக்கு மருந்தில்லை, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். புதிதாக நடுவதற்கு வைரஸ் இல்லாத திசுவளர்ப்புக் கன்று. மனிதருக்கு இந்த வைரஸால் ஒன்றும் ஆகாது. ஆனால் அசுவினியைக் கொல்லத் தண்டில் ஊசி வழியாக ஊடுருவும் மருந்து செலுத்தும் பழக்கம் உண்டு. பூ வந்த பிறகு போடக் கூடாது என்பது விதி. எனவே வாழையில் "தோல் தடிப்பு, உரித்தால் போச்சு" என்ற வாதம் பாதிதான் செல்லும். பழக்கமான வியாபாரியிடம் ஆர்கானிக்கா என்று கேட்பதைவிட, தண்டுக்கு ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள். காபி, மிளகு, சில்வர் ஓக் நடுவே மானாவாரியாக நிற்கும் பழைய தோட்டத்து வாழை, சான்றிதழ் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் போதும்.

ஆரஞ்சுக்கு நிறம் பார்க்காதீர்கள். தோல் பச்சை படர்ந்திருந்தாலும் பழுத்திருக்கும். நிறம் ஏறுவது இரவுக் குளிரைப் பொறுத்தது. கையில் கனமாக, தோல் லேசாகக் கழன்றிருந்தால் சாறு இருக்கும். இறக்குமதி ஆரஞ்சுத் தோலில் அழுகல் தடுக்கும் பூசணக்கொல்லி தடவி வரும், எனவே அந்தத் தோலைத் துருவி மார்மலேடு போட வேண்டாம். அதற்கு மட்டும் நம்பிக்கையான தோட்டத்துப் பழம் தேடலாம். பேஷன் ஃப்ரூட் ஓடு சுருங்கினால்தான் இனிப்பு, கனம் குறையாமல் இருந்தால் சரி.

ஆர்கானிக் என்று எதை வைத்து நம்புவது?

இந்தியாவில் இரண்டு வழி. ஒன்று, 2001ல் தொடங்கிய தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழ் வெளியார் வந்து சோதித்துத் தரும் சான்று. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இதைத் தருகிறது. பழமரம் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரசாயனம் நிறுத்தி 36 மாதம் கழித்து அறுவடை செய்ததுதான் ஆர்கானிக். அதற்கு முன்னால் எல்லாம் மாற்றக்காலப் பொருள். இரண்டாவது, பி.ஜி.எஸ். இந்தியா: குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சரிபார்ப்பது. இதில் பி.ஜி.எஸ். கிரீன் என்றிருந்தால் இன்னும் மாற்றக்காலத்தில் இருக்கிறது; பி.ஜி.எஸ். ஆர்கானிக் என்றிருந்தால் முடிந்துவிட்டது. பச்சை நிறத்தைப் பார்த்து கிரீன்தான் உயர்ந்தது என்று எடுப்பவர்கள் உண்டு, அது நேர்மாறு. பாக்கெட்டில் விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஜைவிக் பாரத் முத்திரையும் இருக்க வேண்டும். சிறு விவசாயி தானே நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்றால் இந்தச் சான்று கட்டாயமில்லை. ஞாயிறு சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் சான்றிதழ் கேட்பது அதனால் அபத்தம். ஆனால் சாலையோரம் பத்துத் தோட்டத்துப் பழத்தை மொத்தமாக வாங்கி விற்கும் கடைக்கு இந்த விலக்கு பொருந்தாது.

சான்றிதழைக் காட்டினால் மூன்று இடம் பாருங்கள்: யார் பேர், எந்தத் தேதிவரை செல்லும், எந்தெந்தப் பயிர். காபிக்கும் மிளகுக்கும் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் பக்கத்தில் ஸ்ட்ராபெரி விற்க முடியும். பயிர்ப் பட்டியலில் ஸ்ட்ராபெரி இல்லையென்றால் அந்தச் சட்டத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. ஆப்பிளில் ஒட்டும் ஸ்டிக்கரில் 9ல் தொடங்கும் ஐந்து இலக்க எண் ஆர்கானிக், 4ல் தொடங்கும் நாலு இலக்க எண் சாதாரணம். இது இறக்குமதிப் பழத்துக்குச் செல்லும். எண்ணே இல்லாமல் எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று மட்டும் இருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை.

விவசாயியிடமே வாங்கும்போது "ஆர்கானிக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். வேறு மாதிரி கேளுங்கள். கடைசியாக எப்ப மருந்து அடிச்சீங்க? எதுக்கு அடிச்சீங்க? டப்பாவில் முக்கோணம் என்ன நிறம்? பூச்சிமருந்து டப்பாவில் அடையாள முக்கோணம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. மரம் பூக்கும் முன் ஒரு தடவை, பச்சை முக்கோணம், பறிக்கிறதுக்கு மூணு மாதத்துக்கு முன் என்று பதில் வந்தால் நான் யோசிக்காமல் வாங்குவேன்.

கல் வைத்துப் பழுக்க வைப்பது

ஆர்கானிக்கா இல்லையா என்பதைவிட இது அவசரமான கேள்வி. அந்தக் கல், அதாவது கால்சியம் கார்பைடு, தடை செய்யப்பட்டது. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அறையில் விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. அது பழமே விடுகிற வாயுதான். எத்திஃபான் என்ற ரசாயனத்தின் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பதற்கு அனுமதி இல்லை. சீரான மஞ்சள், காம்பு மட்டும் பச்சை என்பதைக் கார்பைடு அடையாளமாகப் பலர் சொல்வார்கள்; எத்திலீன் அறையில் பழுத்த வாழையும் அப்படித்தான் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் பூண்டு வாடை, தோலில் சாம்பல் நிறத் தூள், நிறம் வந்தும் மணமில்லாமல் உள்ளே கெட்டி: இந்த மூன்றும் சேர்ந்தால் வேண்டாம். தாராக வாங்கி வீட்டிலேயே மூட்டம் போடுவது இன்னும் நல்லது. அரிசிப் பானையில் ஒரு பழுத்த வாழையோடு புதைத்தாலும் போதும்.

கழுவுவது

ஓடும் தண்ணீரில் அரை நிமிடம் கையால் தேய்த்தாலே மேலோட்டமான எச்சம் நிறையப் போகும். தோலோடு சாப்பிடும் பழத்துக்கு, 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சமையல் சோடா, அதாவது தட்டையாக இரண்டு டீஸ்பூன். 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். 2017ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்த அளவு இது. இரண்டு மருந்துகள் தோல்மேல் இருந்தது முழுதும் போனது, ஆனால் அதில் ஒன்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டிருந்தது. அது எதற்கும் அசையாது. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், பழம் அதை உறிஞ்சும். உரித்துச் சாப்பிடும் பழத்தையும் கழுவிவிட்டு வெட்டுங்கள். கத்தி தோலில் உள்ளதைச் சதைக்கு இழுத்துப் போகும்.

குளிரில் வைப்பது

மலைமேல் வீடு இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பலாகி, பழுக்காமலே நிற்கும். கொடைக்கானலில் மார்கழி, தை இரவுகளில் சமையலறை ஜன்னலே அதைவிடக் குளிராக இருக்கும். தாரைக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள், அடுப்புப் பக்கம் வைக்க வேண்டும். பட்டர் ஃப்ரூட் கீழே மதுரையில் ஐந்தாறு நாளில் பழுத்தால் இங்கே பத்து நாளுக்கு மேல் எடுக்கும்; பழுக்கும் முன் ஃப்ரிட்ஜில் வைத்தால் சதையில் கறுப்பு இழை ஓடும், பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள் வைக்கலாம். பேரிக்குக் குளிர் பிடிக்கும், காயாகவே ஃப்ரிட்ஜில் வைத்து வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துப் பழுக்க விடலாம். ஸ்ட்ராபெரியைக் கழுவாமல், காம்பு கிள்ளாமல், காகிதம் விரித்த தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும் முன் காம்போடு கழுவி, அதற்குப் பிறகே காம்பைக் கிள்ள வேண்டும்; முதலிலேயே கிள்ளினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பழம் சப்பென்று ஆகிவிடும்.